பிசின் போடாத காயம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி சுண்டு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தையும் உன் பெட்டிகளில் குடியிருக்கும் ஆயிரமாயிரம் பிள்ளைகளின் நலத்தையும் அறிய ஆவல்.

பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பெஞ்சும் மேசையும் நாங்கள்தான் செய்கிறோம். தும்மினால் மூக்கிலிருந்து மரத்தூள் வருகிறது. முதலாளி என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார். உனக்குத் தேன் பெட்டி அடித்துக் கொடுத்த கை இப்போது ஒரு பட்டறையையே ஆட்டிவைக்கிறது, தெரிந்துகொள்.

ஒரு சின்ன உதவி. இவள் துணி தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டாள். கவனம் என்பதைக் கடையில் விற்றாலும் இவளுக்கு வாங்கத் தெரியாது. தேன்கூட்டுப் பிசினை வைத்து நீ ஒரு மருந்து செய்வாயே, அம்மாவுக்குப் போடுவாயே, அதில் கொஞ்சம் அனுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். போனால் எப்படி நடந்தது என்று நர்ஸ் கேட்பாள், பிறகு டாக்டர் கேட்பார், வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று உனக்குத் தெரியாததா?

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் செல்லத் தம்பி,
சுண்டு


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. மேஸ்திரி ஆனதில் சந்தோஷம். தலைக்கனம் ஏறாமல் பார்த்துக்கொள், உன் தலை ஏற்கெனவே பெரிசு.

சூட்டுக் காயத்துக்குச் சாராயத்தில் ஊறவைத்த பிசின் ஆகாது, உயிர் போகிற மாதிரி எரியும். அதனால் எண்ணெயும் மெழுகும் சேர்த்துக் களிம்பாகக் காய்ச்சி அனுப்பியிருக்கிறேன். முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தடித்துப்போகும். துணியில் பட்டால் கறை போகாது, உன் தையல்காரம்மாவிடம் மறக்காமல் சொல். சாராய மருந்தும் ஒரு குப்பி இருக்கிறது, அது வெட்டுக் காயத்துக்கு. காலியானதும் குப்பியைத் திருப்பி அனுப்பு. இந்த அளவுக் குப்பி இங்கே கிடைப்பதில்லை.

போன வாரம் என் வீட்டு வாசல் போர்க்களமாக இருந்தது. வேலியோரப் பெட்டித் தேனீக்கள் பலமில்லாத பெட்டி ஒன்றைக் கொள்ளையடிக்கப் புகுந்துவிட்டன. இறக்கையைக் கடித்துப் பிய்த்து, வயிற்றில் கொட்டி, காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தன. குவியலாகக் கிடந்ததைத் துடைப்பத்தால் அள்ளினேன். பாதிக்கு உயிர் இருந்தது. சண்டை வாசலுக்கு வந்ததால் எனக்குத் தெரிந்தது. உள்ளேயே முடிந்திருந்தால் என்றைக்குத் தெரிந்திருக்குமோ!

அவள் ஏன் உன் கடிதத்துக்கு அடியில் இரண்டு வரி எழுதவில்லை? “அண்ணி, தேனெடுக்கும்போது போடுகிற முகவலை கிழிந்தால் சொல்லுங்கள், வேறு தைத்துத் தருகிறேன்” என்று எப்போதும் எழுதுவாளே. சுட்டது எந்தக் கை?

வேளைக்குச் சாப்பிடு. அவளையும் சாப்பிடச் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. இருவரும் நலம். உன் முழங்காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு, பேச்சைக் கேட்கும்.

உன் களிம்புக்குக் கோயிலே கட்டலாம். தோள்பட்டைக்குப் பின்னால் தோல் பழையபடி ஆகிவிட்டது, தடவிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி தினமும் வந்து உட்கார்ந்து பேசுகிறாள், அவள் கண்ணில்கூடப் படவில்லை என்றால் பார்த்துக்கொள்.

சாராய மருந்தும் தீர்ந்துவிட்டது. இவள் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டாள், உதடு பிளந்துவிட்டது. தையல் போடுகிற அளவுக்குப் பிளவுதான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தேன். எரிச்சலில் கண்ணீர் வந்தாலும் சத்தம் போடவில்லை. கெட்டிக்காரி.

காலிக் குப்பியை அனுப்பியிருக்கிறேன். உடையாமல் இருக்க இவளே ஒரு பஞ்சுப் பை தைத்தாள். இந்த முறை இரண்டு குப்பியாக அனுப்பு. வீட்டில் இருந்தால் ஒரு தைரியம்.

இவள் கடிதம் எழுதாததற்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம்.

உன் செல்லத் தம்பி,
சுண்டு


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதிக் கை பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீயும் அப்படித்தான் எழுதுகிறாய் என்று நினைக்கிறேன். முதல் வரியில் இருவரும் நலம், நாலாவது வரியில் மருந்து கொடு.

முதலில் சுட்டது கை என்றாய். இப்போது தோள்பட்டைக்குப் பின்னால் ஆறிவிட்டது என்கிறாய். இஸ்திரிப் பெட்டிக்குக் கால் முளைத்து முதுகில் ஏறியதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அதுவும் என்னிடம்.

அந்தப் பஞ்சுப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் முகவலையில் அவள் போட்ட தையல் கோடு கிழித்த மாதிரி இருக்கும். இந்தப் பையில் தையல் குடித்தவன் நடை மாதிரிப் போகிறது. அவள் கைக்கு என்ன ஆயிற்று?

நேற்று மூலைப் பெட்டியைத் திறந்தேன். அடிப்பலகையில் ஓர் எலி. உள்ளே நுழைந்ததைக் கொட்டியே கொன்றிருக்கின்றன. இழுத்து வெளியே போடப் பலமில்லை. அதனால் மூக்கிலிருந்து வால் நுனிவரை பிசினால் பூசி மெழுகிவிட்டன. ஒரு மயிர் உதிரவில்லை, துளி நாற்றமில்லை. பெட்டி நெம்புகிற உளியால் பெயர்த்து எடுத்தேன். குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டிமேல் கைவைத்து நின்றிருக்கிறேன், உள்ளே பிணம் இருப்பது தெரியவே இல்லை. நேற்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா பெல்ட்டை உருவினால் நீ பெட்டிகளுக்கு நடுவில் ஓடி ஒளிந்துகொள்வாய். தேனீக்குப் பயந்து அவர் அங்கே மட்டும் வரமாட்டார். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நா பெரியவனானதும் அப்பாவ ஒதைப்பேன்” என்பாய். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பாக்கி வைத்த உதையை இப்போது யாருக்குக் கொடுக்கிறாய்?

நேராகக் கேட்டிருக்கிறேன், நேராகப் பதில் எழுது. மருந்து இந்த முறை ஒரு குப்பிதான்.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். பதில் எழுத மனசு வரவில்லை, அதனால் தாமதம்.

பெற்ற அப்பனோடு என்னை ஒப்பிட்டு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் குடிக்கிறேனா? வீட்டுக்கு வராமல் இருக்கிறேனா? அவர் என்றைக்காவது அம்மாவுக்கு மருந்து போட்டாரா? நான் போடுகிறேன். இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து போடுகிறேன். ஒரு வீடு என்றால் ஒரு வார்த்தை கூடும், குறையும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? உனக்குக் குடும்பம் இல்லை, தேனீதான் இருக்கிறது. உனக்கு இது புரியாது.

இவள் படியில் விழுந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் பிளந்திருக்கிறது. இரண்டு நாளாக எழுந்து உட்கார்ந்தால் வாந்தி. குப்பி மருந்து போட்டால் நிற்கவில்லை, ரத்தம் கசிகிறது. அம்மாவுக்கு ஒருமுறை மண்டையில் பட்டபோது பச்சைப் பிசினையே பிசைந்து அப்பினாயே, அந்த மாதிரி ஒரு பெரிய உருண்டை அனுப்பு. கோபத்தை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம்.

சுண்டு


மே 5

அன்புள்ள என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். தனியாக இருக்கிறவள் புத்தி அப்படித்தான் கோணலாகப் போகும். மனதில் வைத்துக்கொள்ளாதே. மண்டையில் அடிபட்டு வாந்தி எடுத்தால் டாக்டரிடம் காட்டுவதுதான் நல்லது. உனக்கு இஷ்டமில்லை என்றால் நான் என்ன சொல்ல?

நீ கேட்ட உருண்டையை அனுப்பியிருக்கிறேன். இது குளிரில் கல் மாதிரி இருக்கும், உடைக்கக் கூடாது. வெந்நீரில் போட்டு இளகியதும் அவளே பிசையட்டும். நீ மட்டும் தொடாதே. கையில் ஒட்டினால் வாரக்கணக்கில் போகாது. அந்தக் கையோடு நீ வார்னிஷ் அடித்த மேசையைத் தொட்டால் பள்ளிக்கூடத்து மேசை எல்லாம் பழுப்புக் கறையாகும், முதலாளி உன்னைத்தான் கேட்பார்.

முடிந்ததும் குப்பியை வழக்கம்போலப் பஞ்சுப் பையில் தைத்து அனுப்பச் சொல்.

உன் அக்கா


மே 5, உருண்டைக்குள்

தையல்காரம்மாவுக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சுட்டது, அலமாரிக் கதவு இடித்தது, படியில் விழுந்தாய் என்று அவன் எழுதியதையும் உன் பையில் இருந்த கோணல் தையலையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மெழுகுத் துணியில் சுற்றிப் பிசினுக்குள் புதைத்திருக்கிறேன். வெந்நீர் வைப்பதும் பிசைவதும் அவன் செய்கிற வேலை இல்லை, அதனால் இது உன் கைக்குத்தான் வரும். படித்ததும் அடுப்பில் போடு.

இந்த மருந்தை நான் தேனீயிடம் கற்கவில்லை, எங்கள் அம்மாவின் முதுகில் கற்றேன். அப்பா அடிப்பார், நான் பூசுவேன். நன்றாகவே பூசினேன். அம்மா இறந்தபோது அவள் உடம்பைக் கழுவிய பெண்கள், “மகராசி, ஒடம்புல ஒரு வடு இருக்கா பாரு. எப்படி வச்சிருந்திருக்காரு” என்று அப்பாவைப் புகழ்ந்தார்கள். நான் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உன் விஷயத்திலும் அதையே செய்துவிட்டேன். குப்பி குப்பியாக அனுப்பினேன். என் மருந்து இருந்ததால்தான் அவன் உன்னை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கவிடவில்லை.

உயிரோடு கிளம்பி வா. துணிமணி எடுக்காதே. வீட்டுக்கு வெளியே துணி காயப் போடப் போகிற மாதிரிக் கிளம்பு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, எப்படி நடந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல். பிறகு என்னிடம் வா. என் வீட்டுக் கதவு பகலில் பூட்டுவதில்லை.

பதிலைப் பஞ்சுப் பைக்குள் வைத்துத் தை. நான் தையலைப் பிரித்துப் பார்ப்பேன்.

அண்ணி


மே 19, பஞ்சுப் பைக்குள்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதுவது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னைக் கேட்டால், உயிரோடு இருக்கிறேன்.

உருண்டை வெந்நீரில் இளகி, உள்ளேயிருந்து துணி எட்டிப் பார்த்ததும் ஏதோ புழு என்று கையை உதறிவிட்டேன். படித்த பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் சொல்லாததை நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

சட்டைக் காலர் மடிப்பு சரியாக விழவில்லை. அதுதான் முதல் தடவை. “பொட்டி சூடு பத்தலையா? பாத்துடலாம்” என்று சொல்லி என்னைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, தோளில் வைத்து அழுத்தினார். கறி தீய்கிற வாசனை வந்தது. அது நான்தான் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. அலமாரிக் கதவு பொய் இல்லை, அண்ணி. தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கதவில் மோதினார். அதற்குப் பிறகு இரண்டு விரலைப் பின்னால் வளைத்தார், அதனால்தான் தையல் கோணல். படி என்று எழுதினாராமே, எங்கள் வீட்டில் படியே கிடையாது.

ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்ததும் உங்கள் குப்பியை எடுத்துக்கொண்டு வருவார். தொட்டுத் தொட்டுப் போட்டபடியே அழுவார். “அக்கா மருந்து, நாளைக்கே ஆறிடும் பாரு” என்பார். ஆறிவிடும். ஆறினால் அடிக்க மறுபடியும் இடம் கிடைத்துவிடும். உங்கள் மருந்து நல்ல மருந்து, அண்ணி. அதுதான் வினையாகப் போயிற்று.

நேற்று உளிப் பிடியால் அதே காதில் மறுபடியும். இப்போது அந்தக் காதில் ஒன்றும் கேட்கவில்லை, வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். இந்த முறை பிசின் போடவில்லை. போட்டதாக அவர் நம்ப மேலே துணியைச் சுற்றியிருக்கிறேன். உள்ளே காயம் திறந்தபடியே இருக்கிறது. வலிக்கட்டும். இந்தப் பையை அவர் தபாலில் சேர்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனதும் நான் கிளம்புகிறேன். ஆஸ்பத்திரியில் துணியை நானே அவிழ்த்துக் காட்டுவேன்.

பை தைத்த நூலில் ரத்தம் பட்டிருந்தால் மன்னியுங்கள்.

தையல்காரி


ஜூன் 2

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

போலீஸ்காரர்கள் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். முதலாளி பார்க்க, என் கையின்கீழ் வேலை செய்கிறவர்கள் பார்க்க, “மேஸ்திரி, கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வர்றீங்களா” என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். கேஸ் போட்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

அவள் உன் வீட்டில்தான் இருக்கிறாள். உருண்டை, பஞ்சுப் பை, எல்லாம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கூடப் பிறந்தவளே குழி பறிப்பாள் என்று நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். குறுக்கே நின்றால் அக்கா என்றும் பார்க்கமாட்டேன்.


ஜூன் 5

தம்பிக்கு,

வராதே. போலீசுக்கும் உன் கடிதத்தைக் காட்டிவிட்டேன்.

நீ அடித்துக் கொடுத்த பெட்டிகளை எல்லாம் நாங்கள் இருவரும் தூக்கி வாசலுக்கு வழிநெடுக வைத்திருக்கிறோம். இடம் மாற்றிய கோபத்தில் இருக்கின்றன. அப்பா வராத இடம் இது. நீயும் வராதே.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. நலமில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் ஒரு பெட்டியை உதைத்தேன், அவ்வளவுதான். நானே செய்த பெட்டி! அதற்காகக் காதுக்குள், மூக்குக்குள் எல்லாம் புகுந்து கொட்டும் என்று யார் கண்டது? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தரையில் கிடந்தவள் பெட்டி நெம்புகிற உளியை எடுத்து என் மணிக்கட்டில் போடுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நீ முகவலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாய். “விடுடி” என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

கை முழங்கைவரை வீங்கிவிட்டது. சீழ் வைத்து, பக்கத்தில் யாரும் உட்கார முடியாத நாற்றம். சுத்தியல் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். பெண்டாட்டி கையால் வெட்டு வாங்கினேன் என்று எந்த மூஞ்சியோடு சொல்வேன்? பட்டறையில் படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு குப்பி அனுப்பு, அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீ வளர்த்த பிள்ளைதானே நான்.

சுண்டு


ஜூலை 1

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம். இந்தத் தடவை அது வெறும் வழக்கத்துக்கு எழுதியது இல்லை.

நீ விட்டதை நான் எழுதிவைக்கிறேன். பெட்டியை உதைப்பதற்கு முன்பு நீ அவளை வாசற்படியிலிருந்து வேலிவரை தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். கட்டுப் போட்டிருந்த காதிலேயே அறைந்தாய். தடுக்க வந்த என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாய். கால் இடறிக் கோபம் வந்து பெட்டியை உதைத்தாய். தேனீ எல்லோரையும்தான் கொட்டியது, அவளையும் கொட்டியது. நீ அவள் முடியை அப்போதும் விடவில்லை. அவள் கைக்கு எட்டியது உளி.

நான் “விடுடி” என்று சொல்லவில்லை, உண்மைதான். உன் ரத்தத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் குப்பி இருக்கிற அலமாரிப் பக்கம் நாலு எட்டு வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றும் அலமாரியைத் திறந்துவிட்டு மூடினேன். உன்னை இடுப்பில் சுமந்தவள் நான், அது எங்கே போகும்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எழுதினாய். இத்தனை வருஷமும் நான்தான் உலைமூடி. முதலில் அப்பாவுக்கு, பிறகு உனக்கு. இனி இல்லை. இருந்த குப்பிகளை எல்லாம் வேலியோரம் கொட்டிவிட்டேன்.

சீழ் வைத்த கைக்கு என் மருந்து போதாது, இன்னும் தள்ளிப்போட்டால் கையையே எடுக்கும்படி ஆகும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எப்படி நடந்தது என்று கேட்பார்கள். சொல்லு.

கேஸ் நடக்கிற நாளில் நானும் வருவேன், அவள் பக்கம் உட்காருவேன்.

அக்கா

அடியில் இரண்டு வரி என் கையால்: படியில் விழுந்தேன் என்று அங்கேயும் சொல்லிவிடாதீர்கள். வெட்டியது நான்தான் என்று சொல்லுங்கள், போலீசிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.